விரலுக்கு வந்த சோதனை

நமது நிருபர்

திருத்தணி மலைக்கு ஏற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று படி வழி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, ஆக 365 என்று கணக்குச் சொல்லுவார்கள். மற்றொன்று மோட்டார் போகும் பாதை. அவசரக்காரர்கள் மோட்டாரில் போய் இறங்கிவிடுகிறார்கள். படியேறிப் பழகிய பாட்டிமார்களுக்கோ எங்கே படி உயரம், எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். கண் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி இந்தத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கு எல்லைக் கிளர்ச்சியும், படாஸ்கரின் சிபாரிசும் சேர்ந்து கொண்டுவந்த மாறுதல் அது. சித்தூர் ஜில்லாவாக இருந்தது செங்கற்பட்டு ஜில்லாவாயிற்று. இப்போது திருவள்ளூர் மாவட்டம். சர்க்கார் மாறியதே தவிர, மலையில் ஒரு படிகூட இடம் மாறவில்லை. மார்ச்சு 31-ஆம் தேதி ஏறிய கால், ஏப்ரல் 2-ஆம் தேதியும் தடுமாறாமல் ஏறியிருக்கும்.

கம்ப்யூட்டர் விஷயம் அப்படியல்ல. அங்கே சர்க்கார் மாறினால் படிகளும் கொஞ்சம் இடம் மாறிவிடுகின்றன! ஏறிப் பழகியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்தத் தடுக்கலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சகோதரியின் சங்கடம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் மார்க்கத்தில், திருவாலங்காட்டுக்கு முன்னால் இருக்கிற ஸ்டேஷன் மணவூர். அங்கே ஒரு சகோதரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு வேலை முடிந்த பிறகு நாலைந்து கடைகளின் பில்களை வகை பிரித்து, பெயரிட்டு, மாதாமாதம் ஆடிட்டருக்கு அனுப்பிவைக்கிறார். இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்க வேண்டும் என்றால், பதினெட்டாம் தேதிக்குள் இவர் வேலை முடிந்தாக வேண்டும். இத்தனை பில்லுக்கு இவ்வளவு என்று கூலி. கை வேகந்தான் வருமானம்.

இந்த அம்மாள் மௌஸைத் தொடுவது அபூர்வம். ஃபோல்டர் திறப்பது, மூடுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, பெயர் மாற்றுவது எல்லாம் கீபோர்டிலேயே நடக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் வீணை வாசிப்பது போலிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான். "அக்கா, உன் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய விண்டோஸ். இனிமேல் அதற்குப் பாதுகாப்பு இல்லை. லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் குறைவு" என்கிறான். சொன்னபடியே செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலுக்குப் போய்விடுகிறான்.

திங்கட்கிழமை காலையில் அக்கா உட்காருகிறார். 'டி' டிரைவ் எங்கே? காணோம். பின்னால் போவதற்கு பேக்ஸ்பேஸை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஃபைலின் முதல் எழுத்தைத் தட்டினால் அங்கே போய் நிற்க வேண்டியதற்குப் பதிலாக ஏதோ தேடல் ஆரம்பமாகிறது. பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரமாகிறது. "எனக்குக் கம்ப்யூட்டரே மறந்துபோய்விட்டது போலிருக்கிறதே!" என்று அவருக்குக் கண் கலங்குகிறது.

அவர் எதையும் மறக்கவில்லை. வித்தை அவர் விரலில் பத்திரமாக இருக்கிறது. அது இறங்க வேண்டிய இடந்தான் மாறிப் போயிருக்கிறது.

ஏன் இப்போது இத்தனை பேருக்கு?

தம்பி சொன்னது பொய்யல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்குப் பல பழைய கம்ப்யூட்டர்களுக்குத் தகுதி போதவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைத் தூக்கி எறிய யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே சிலர் லினக்ஸுக்குப் போகிறார்கள். கையில் பணமுள்ள சிலர் ஆப்பிள் கம்பெனியின் 'மாக்' வாங்குகிறார்கள்.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, இதே திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள காக்களூரில், தமிழக அரசு மாணவ மாணவிகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அந்த லாப்டாப்புகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் குடியிருந்தன. ஒன்று விண்டோஸ்; மற்றொன்று 'பாஸ்' லினக்ஸ். சென்னையிலுள்ள 'சி-டாக்' நிறுவனம் 2007-இல் வெளியிட்ட சுதேசிச் சரக்கு இந்த 'பாஸ்'. சுவிட்சைப் போட்டவுடனே எந்த வீட்டுக்குள் நுழைவது என்று கம்ப்யூட்டரே கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் பழகிய வீட்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். மற்றதை எட்டிப் பார்த்ததோடு சரி. அண்டை மாநிலமான கேரளத்திலோ பள்ளிக்கூடங்களுக்கென்றே ஒரு லினக்ஸ் தயாரித்து, பாடமே அதில் நடத்துகிறார்கள். அங்கே படித்த பெண் சென்னையில் உத்தியோகத்துக்கு வந்து விண்டோஸ் முன்னால் உட்கார்ந்தால், மணவூர்ச் சகோதரிக்கு வந்த அதே சங்கடம் தலைகீழாக வரும்.

கைக்கு ஒரு ஞாபகம்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'லோயர்', 'ஹையர்' பரீட்சைகளுக்குப் படித்த சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஏ, எஸ், டி, எஃப்' என்று முதல் வாரம் முழுவதும் அடித்ததெல்லாம் எதற்காக? எழுத்து எங்கே இருக்கிறது என்பதை மூளையிடமிருந்து வாங்கி விரலிடம் ஒப்படைப்பதற்காகத்தான். ஒப்படைத்த பிறகு, "'ஜி' என்ற எழுத்து எங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது, அடித்துக் காட்டத்தான் தெரியும்.

ஷார்ட்கட் என்கிற குறுக்கு வழிகளும் அப்படியே. "பெயர் மாற்று" என்று மனம் நினைக்கும்போதே விரல் எஃப் 2-க்குப் போய்விடுகிறது. இது வருஷக் கணக்கில் சேர்த்த சொத்து. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுகிறவர்கள் ஃபோட்டோக்களைப் பத்திரப்படுத்துகிறார்கள், கல்யாண வீடியோவைப் பத்திரப்படுத்துகிறார்கள். விரலில் இருக்கும் சொத்தைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை.

நல்ல சமாசாரம் என்னவென்றால், அந்தச் சொத்தில் பெரும்பகுதி புது வீட்டிலும் செல்லுபடியாகிறது. செல்லாதது எது என்று தெரிந்துகொண்டால் போதும்.

செல்லும் காசு

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

கண்ட்ரோலோடு 'சி' அடித்தால் நகல், 'எக்ஸ்' அடித்தால் வெட்டி எடுத்தல், 'வி' அடித்தால் ஒட்டுதல், 'இஸட்' அடித்தால் செய்ததை ரத்து செய்தல். நான்கும் அங்கே உண்டு. கண்ட்ரோலோடு 'ஏ' அடித்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். எஃப் 2 பெயர் மாற்றும். என்ட்டர் திறக்கும். டெலீட் குப்பைக் கூடைக்கு அனுப்பும். ஷிஃப்டோடு டெலீட் அடித்தால் கூடைக்கே போகாமல் அடியோடு அழிந்துவிடும். இந்தக் கத்தி இரண்டு வீட்டிலும் கூர்மையானது, ஜாக்கிரதை!

ஃபோல்டருக்குள் நடமாடுவதற்கு மூன்று சாவிகளை விரலில் முடிந்துகொள்ளுங்கள். ஆல்ட்டோடு இடது அம்பு, வந்த வழியே திரும்பும். ஆல்ட்டோடு வலது அம்பு, மறுபடி முன்னால் போகும். ஆல்ட்டோடு மேல் அம்பு, இந்த ஃபோல்டரை அடக்கியிருக்கும் வெளி ஃபோல்டருக்கு ஏற்றிவிடும். இந்த மூன்றும் இன்றைய விண்டோஸிலும், லினக்ஸில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபைல் மானேஜர்களிலும் ஒன்றே.

நான்காவதாக ஒரு ராஜ சாவியும் உண்டு. கண்ட்ரோலோடு 'எல்'. இதை அழுத்தினால் மேலே இருக்கும் விலாசக் கட்டத்துக்குப் போய்விடலாம். போக வேண்டிய ஃபோல்டரின் விலாசத்தை அங்கே அடித்து என்ட்டர் தட்டினால் போதும். பத்து கதவு திறக்க வேண்டிய இடத்துக்கு ஒரே தாவல்! இதுவும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆல்ட்டோடு என்ட்டர் அடித்தால் ஃபைலின் ஜாதகம், அதாவது எவ்வளவு பெரிது, எப்போது பிறந்தது என்பதெல்லாம் தெரியும். கண்ட்ரோலோடு ஷிஃப்டும் 'என்'னும் சேர்த்து அடித்தால் புது ஃபோல்டர். இதையும் பெரும்பாலான இடங்களில் மாற்றவில்லை.

செல்லாத காசு

முதலாவது, பேக்ஸ்பேஸ். இதை நம்பினவர்கள் மோசம்போனார்கள்! விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது வெளி ஃபோல்டருக்கு ஏற்றிவிட்டது. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து, வந்த வழியே திரும்புவதாக மாறிற்று. லினக்ஸ் வகைகளிலோ ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. ஆகவே பேக்ஸ்பேஸை மறந்துவிட்டு, மேலே சொன்ன ஆல்ட் அம்புகளையே விரலுக்குக் கற்றுக்கொடுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கைவிடாது.

இரண்டாவது, முதல் எழுத்தைத் தட்டும் பழக்கம். விண்டோஸில் 'எம்' என்று தட்டினால் 'எம்' என்று ஆரம்பிக்கும் ஃபைலில் போய் நிற்கும். லினக்ஸில் புகழ்பெற்ற 'க்னோம்' மேஜையில் அப்படித் தட்டினால் தேடல் தொடங்கிவிடும்; உள் ஃபோல்டர்களில் இருப்பதையெல்லாம் கூட இழுத்து வந்து காட்டும். பயப்பட வேண்டாம். எஸ்கேப்பைத் தட்டினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

மூன்றாவது, விண்டோஸ் சாவியோடு 'இ'. விண்டோஸில் இது ஃபைல்களின் வாசற்கதவு. லினக்ஸ் மிண்டின் 'சின்னமன்' மேஜையிலும், 'கேடிஇ' மேஜையிலும் அப்படியே திறக்கும். திறக்காத இடத்தில் செட்டிங்ஸுக்குப் போய், கீபோர்டு பகுதியில் அந்தச் சாவியை நாமே நியமித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை.

நான்காவது, எழுத்து பேதம். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு ஆசாமிகள். ஒரே ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு முறையும், சின்ன எழுத்தில் தொடங்கி ஒரு முறையும் வைத்தால், அது இரண்டு தனித்தனி ஃபோல்டராகிவிடும். ஜனவரி பில் பாதி ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் போய், ஆடிட்டரிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்! எப்போதும் சின்ன எழுத்தே என்று ஒரு விரதம் வைத்துக்கொள்வது உத்தமம்.

'டி' டிரைவ் எங்கே போயிற்று?

எல்லாவற்றையும்விட அதிகமாகத் திகைக்க வைப்பது இதுதான். விண்டோஸில் 'சி', 'டி', 'இ' என்று தனித்தனி பீரோக்கள். ஒவ்வொரு பீரோவுக்கும் தனிச் சாவி, தனி அறைகள். லினக்ஸ் அப்படிக் கட்டப்பட்ட வீடல்ல. அது பழைய காலத்துக் கூட்டுக் குடும்ப வீடு. வாசல் ஒன்றுதான். உள்ளே போனால் ஒரு முற்றம். அந்த முற்றத்திலிருந்துதான் எல்லா அறைகளுக்கும் போக வேண்டும். சாய்ந்த கோடு ஒன்றே ஒன்றைப் போட்டால் அதுதான் முற்றம். நமக்கென்று ஒதுக்கிய அறைக்கு 'ஹோம்' என்று பெயர். நம்முடைய டாகுமெண்டுகள், படங்கள் எல்லாம் அந்த அறையில் இருக்கும். ஆல்ட்டோடு ஹோம் சாவியை அடித்தால், 'க்னோம்' மேஜையில் எங்கிருந்தாலும் நம் அறைக்கு வந்துவிடலாம்.

பழைய 'டி' டிரைவை அழிக்காமல் விட்டிருந்தால், இடது பக்கப் பட்டியலில் ஒரு தட்டாக அது தலை காட்டும். பென் டிரைவ் வந்தாலும் விருந்தாளியைப் போல அதே பக்கத்தில்தான் இடம். விருந்தாளியைச் சொல்லாமல் வெளியே தள்ளக்கூடாது. பெயருக்குப் பக்கத்திலிருக்கும் விடைகொடுக்கும் குறியைத் தட்டிவிட்டுப் பிறகு பிடுங்க வேண்டும்.

விலாசம் எழுதும்போது கோடு சாயும் திசையும் மாறும். விண்டோஸில் இடப்பக்கம் சாய்வது, லினக்ஸிலும் மாக்கிலும் வலப்பக்கம் சாயும். இன்னொன்று: புள்ளி வைத்துத் தொடங்கும் பெயருள்ள ஃபைல்களை லினக்ஸ் திரை போட்டு மறைத்துவிடும். கண்ட்ரோலோடு 'எச்' அடித்தால் திரை விலகும். மறுபடி அடித்தால் மூடும்.

மாக் வீட்டு மருமகள்

மாக்குக்குப் போகிறவர்களுக்குச் சோதனை கொஞ்சம் அதிகம். அங்கே கண்ட்ரோல் செய்துவந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைக் 'கமாண்ட்' என்னும் சாவி செய்கிறது. அது ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருப்பதால், சுண்டு விரல் செய்த வேலை கட்டை விரலுக்கு வந்து சேருகிறது. முதல் வாரம் கட்டை விரல் முரண்டு பிடிக்கும்.

பெரிய ஆச்சரியம் என்ட்டர் சாவி. விண்டோஸில் ஃபைலைத் திறக்கிற அதே சாவி, மாக்கில் ஃபைலின் பெயரை மாற்றக் கிளம்பிவிடுகிறது! அது தெரியாமல் அவசரத்தில் ஏதாவது தட்டினால் பில்லின் பெயர் போய்விடும். திறப்பதற்குக் கமாண்டோடு கீழ் அம்பு. வெளி ஃபோல்டருக்குக் கமாண்டோடு மேல் அம்பு. டெலீட் மட்டும் அடித்தால் ஃபைல் நகராது. கமாண்டையும் சேர்த்து அடிக்க வேண்டும். ஃபைலை வெட்டி ஒட்டும் வழக்கமும் அங்கே வேறு. முதலில் கமாண்டோடு 'சி' அடித்து நகல் எடுத்து, பிறகு போக வேண்டிய இடத்தில் கமாண்ட், ஆப்ஷன், 'வி' மூன்றையும் சேர்த்து அடித்தால் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு நகர்ந்துவிடும்.

ஒரு சுகமும் உண்டு. ஃபைலின் மேல் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால், திறக்காமலே உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்கலாம். பழகியவர்கள் இதை விடமாட்டார்கள்.

யார் செய்த ஏற்பாடு?

எல்லாக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி வைத்திருக்கக்கூடாதா என்று தோன்றுகிறதல்லவா? ஓரளவு அப்படியும் நடந்திருக்கிறது.

வெட்டு, நகல், ஒட்டு என்ற ஏற்பாடு 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் லாரி டெஸ்லர் என்பவரும் அவருடைய தோழர்களும் உருவாக்கியது. அவர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். இஸட், எக்ஸ், சி, வி என்று கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துக்களாக அந்தச் சாவிகள் அங்கே அமைந்தன. மற்றவர்கள் கமாண்டுக்குப் பதில் கண்ட்ரோலைப் போட்டுக்கொண்டு அதே எழுத்துக்களை ஏற்றார்கள். 2020 பிப்ரவரியில் டெஸ்லர் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாத கோடிக்கணக்கான விரல்கள் தினந்தோறும் அவருடைய ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

ஒத்துப்போகாத கதையும் உண்டு. 1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மாக்கின்டாஷ் கீபோர்டில் அம்புச் சாவிகளே கிடையாது. ஜனங்கள் மௌஸைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். பிற்பாடு அந்த அம்புகள் வந்து சேர்ந்தன.

கமாண்ட் சாவியின் மேலிருக்கும் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு மூலையிலும் சுழி போட்ட சதுரம். நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்தாற்போலிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவர் ஸூஸன் கேர் என்ற பெண்மணி. மாக்கின்டாஷின் குப்பைக் கூடை முதலிய சின்னச் சின்னப் படங்களை வரைந்தவரும் அவரே. மெனுவில் ஆப்பிள் சின்னம் அளவுக்கு மீறி வருகிறது என்று ஜாப்ஸ் சலித்துக்கொள்ளவே, கேர் சின்னங்களின் அகராதி ஒன்றைப் புரட்டி, ஸ்வீடனில் பார்க்கத் தகுந்த இடத்தைக் காட்டப் போடும் குறியை எடுத்துக் கொடுத்தார். ஏழு கடல் தாண்டி வந்த கோலம்!

சௌகரியம் மாத்திரமா?

"மௌஸ் இருக்கும்போது இத்தனை சாவி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் மௌஸைப் பிடித்து மணிக்கட்டு வலி கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பார்வையற்றவர்களோ இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் அம்புக் குறி எங்கே நிற்கிறது என்பது பிரயோஜனமில்லாத செய்தி. கீபோர்டை அழுத்துவார், திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும், காதால் கேட்டு அடுத்த சாவிக்குப் போவார். விண்டோஸில் இப்படிப் படித்துச் சொல்லும் 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருளை 2006-இல் ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தவர் மைக்கேல் கரன். அவரும், கூடச் சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவர்களே. லினக்ஸில் அந்த வேலையை 'ஆர்க்கா' செய்கிறது. மாக்கில் 'வாய்ஸ்ஓவர்' கூடவே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சாவிகள். நமக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் ஒரு வாரம் எரிச்சல். அவர்களுக்கோ, தெரிந்த தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக வீடுகளையெல்லாம் இடம் மாற்றி வைத்தது போல. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே நாளில் கம்ப்யூட்டரை மாற்ற உத்தரவு போடும் அதிகாரிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாறுவதென்றால் எப்படி மாறுவது?

மாறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மாறும் முறை ஒன்று இருக்கிறது.

முதலில் உங்கள் வேலைக்கு வேண்டிய மென்பொருள் புது வீட்டில் ஓடுமா என்று விசாரியுங்கள். கணக்கு எழுதும் டாலி போன்றவை விண்டோஸுக்கென்று செய்யப்பட்டவை. அதில்தான் பிழைப்பு என்றால் அவசரப்படக்கூடாது.

இரண்டாவது, பெண் பார்ப்பது போல லினக்ஸைப் பார்த்துவிட்டு வரலாம். பல லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒரு கேடும் வராது. இரண்டு நாள் சாயங்காலம் அதில் ஃபோல்டர் திறந்து மூடிப் பழகிப் பாருங்கள். பிடித்தால் முகூர்த்தம் வையுங்கள்.

மூன்றாவது, ஃபைல்களையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். கூடுமானால் இலவச லாப்டாப்பில் இருந்ததுபோல இரண்டு சிஸ்டங்களையும் சில மாதம் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாத முடிவில் தலை போகிற வேலை வந்தால் பழைய வீட்டுக்குப் போய் முடித்துவிட்டு வரலாம்.

நான்காவது, ஒரு துண்டுக் காகிதம். நீங்கள் ஒரு நாளில் உண்மையாகவே உபயோகிக்கும் சாவிகளை மட்டும் அதில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் பன்னிரண்டு பதினைந்துக்கு மேல் தேறாது. அதில் செல்லும் காசுகளை அடித்துவிட்டால் மிஞ்சுவது நாலைந்துதான். அந்த நாலைந்தைத் திரைக்குக் கீழே ஒட்டி, தினம் பத்து நிமிஷம், போனாலும் நஷ்டமில்லாத ஒரு நகல் ஃபோல்டரில் பழகுங்கள். பழைய விரல் தப்பான சாவிக்குப் போகத்தான் போகும். அப்போது மௌஸுக்கு ஓடாமல், சரியான சாவியை நிதானமாக ஒரு முறை அடியுங்கள். இன்ஸ்டிட்யூட்டில் கற்றது அப்படித்தானே?

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மணவூர்த் தம்பியின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அக்காவுக்கு நல்லது செய்யத்தான் அவன் வந்தான். ஆனால் கம்ப்யூட்டரை மாற்றியவன் ஒருவன். அதன் பலனை விரலில் அனுபவித்தவர் வேறொருவர். எத்தனையோ வீடுகளிலும் ஆபீஸ்களிலும் இதுதான் நடக்கிறது. மாற்றுகிறவருக்கு அது ஒரு மணி நேர வேலை. உட்கார்ந்து உழைக்கிறவருக்குப் பல வருஷத்துப் பழக்கம். "இதுகூடத் தெரியவில்லையா?" என்று பிள்ளைகளோ மானேஜரோ கேட்கும்போது, வேகம் குறைந்ததைவிட அந்தக் கேள்விதான் அதிகமாக வலிக்கிறது.

அக்காவுக்கு அவன் இன்னும் இரண்டு உதவி செய்திருக்கலாம். "எந்தெந்தச் சாவியை நீ அடிக்கிறாய், காட்டு அக்கா" என்று பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். மாறின நாலைந்தை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ, பிள்ளையோ, மருமகனோ பென் டிரைவும் கையுமாக வந்து நின்றால், காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அவன் வேலையை ஆரம்பிப்பதற்கு முன், இன்று மாதத்தின் ஐந்தாம் தேதியா, பதினெட்டாம் தேதியா என்று காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.